எடைச் சீட்டின் பின்பக்கம்

புளியரையில் சாரல் இறங்கிய அன்று
போர்ட்டோஃபினோவுக்குப் போவதென்று முடிவு செய்தோம்
நானும் லில்லிக்குட்டியும்.
எனக்கு எடைமேடையில் ராத்திரி டூட்டி.
அவள் மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவில்,
புருஷன் விட்டுப்போன பஞ்சர் கடையைப்
புருஷனைவிட நன்றாக நடத்துகிறவள்.

செங்கோட்டைப் பல் டாக்டரின் காலண்டரில்
ஜூலை மாதமாக இருந்தது அந்த ஊர்.
கைக்குள் அடங்குகிற குடா.
சுற்றி வளைந்து நின்ற வீடுகள்,
ஒவ்வொன்றும் ஃபலூடாவின் ஒரு அடுக்கு.
முன்னால் வெள்ளைப் படகுகள்.
ஒரு படகின் விலைக்கு
எங்கள் தெருவையே வாங்கிப் பத்திரம் முடிக்கலாம்.
மொத்த ஜனம் நானூறு சொச்சமாம்.
எங்கள் ரேஷன் கடையில் பாமாயில் வந்தால்
அதைவிடக் கூட்டம்.

லில்லிக்குட்டியின் சித்தி மகள் ஜின்ஸி
அதற்குப் பக்கத்து ஊரில் நர்ஸ். பதினொரு வருஷம்.
போனில் சிரித்தாள்.
"சேச்சி, நான் அங்கே போனது ஒரே தடவை.
காபி விலையைப் பார்த்தேன்.
பெஞ்சில் உட்கார்ந்தேன். பெஞ்சுக்குக் காசில்லை.
கடல் நல்லாத்தான் இருந்தது."

அங்கே தங்கக் கட்டாது என்று தெரிந்ததும்
எனக்கு வழி பிடிபட்டுவிட்டது.
சீசன் நாளில் குத்தாலத்து ரூம் வாடகைக்குப் பயந்து
தென்காசியில் பையை வைத்துவிட்டு
டவுன் பஸ்ஸில் போய் அருவியில் நின்று
ஈரத் தலையோடு திரும்புகிற கூட்டத்தைப்
பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.
அதேதான்.
ஜின்ஸி வீட்டில் பை. பஸ். கடல்.
புளியோதரை மூன்று நாள் தாங்கும்.

பிரிண்டர் மக்கர் செய்யும் நாளுக்கென்று
மேஜையில் ஒரு கைச்சீட்டுப் புத்தகம் உண்டு.
அதன் பின்பக்கங்களில் எழுதினேன்,
நாளுக்கு ஒரு தாள்.
முதல் நாளும் இரண்டாம் நாளும் வெறும் பிளேன், ரயில், தூக்கம்.
லில்லிக்குட்டி அவற்றைக் கிழித்துப் போய்
ட்யூப் முக்குகிற தொட்டிக்கு மேலே ஒட்டிவைத்தாள்.
மூன்றாம் தாள் நிறைய நேரம் எடுத்தது.
காலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம், போக நான், வர அவள்.
மேட்டில் இருக்கிற சர்ச்.
பெஞ்ச்.
ஆளுக்கொரு ஐஸ்கிரீம், பங்கு கிடையாது.
முழங்கால் வரை தண்ணீர், யார் பார்த்தாலும்.
நாலாம் தாளில் ஒரே வரி: திரும்புவது.

விசாவுக்கு ஆறு மாத பேங்க் கணக்கு வேண்டுமாம்.
போன மாதம் இருபத்தெட்டாம் தேதி என் இருப்பு
நானூற்றுப் பதினேழு ரூபாய்.
அந்த ஊரில் தலைக்கு ஒரு ரூபாய் வைத்துக்கொள்ளலாம்.
பயண நோக்கம் என்ற கட்டத்தில்
கடல் பார்க்க என்று எழுதினேன்.
"கொல்லத்தில் இல்லாத கடலா என்று கேட்டால்?" என்றாள்.
அடித்துவிட்டுச் சுற்றுலா என்று எழுதினேன்.
அடித்தது இன்னும் தெரிகிறது.

பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோதான் அனுமதி.
சோதித்துப் பார்க்க அவளே வந்தாள்
கடைசி பஸ்ஸில், புதுப் பெட்டியோடு.
அறுபது டன் மேடை, பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
பெட்டியோடு ஏறினாள்: எழுபது.
பெட்டியை இறக்கிவிட்டு ஏறினாள்: எழுபது.
"அப்போ இது ஒரு பாரமே இல்லைன்னு சொல்லுது"
என்று அத்தனை சந்தோஷப்பட்டாள்.
காலிப் பெட்டி என்று நான் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி இரண்டரை மணிக்கு ஒரு வைக்கோல் லோடு.
சாரலில் ஊறி இரண்டு குவிண்டால் கூடியிருந்தது.
"தண்ணிக்குமா எடை போடுவீக?" என்று
டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சண்டை.
பிரிண்டர் அப்போது பார்த்து நின்றது.
கைச்சீட்டில் எழுதி, கிழித்து, நீட்டி,
அவன் வண்டி கோட்டைவாசல் வளைவுக்குள்
பனியோடு பனியாக மறைந்தபின்தான் பார்க்கிறேன்,
புத்தகத்தின் மேலே நாலாம் நாள் கிடக்கிறது.

போன் போட்டேன்.
"முழிச்சிருக்கியா?
ஒரு வைக்கோல் வண்டி வரும், இடது லைட் எரியாது.
உன் கடையைத் தாண்டித்தான் போகணும். நிறுத்து."
"டயர் போச்சா?"
"இல்லடி. நம்ம கடல் அதுல போகுது."

அந்தப் பக்கம்
ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது.